ஒரு நூல் தண்ணீர்

ஜனவரி 7, ஞாயிறு. அடிலெய்டு.

குளத்தில் தண்ணீர் குறைகிறதாம். காலையில் மாப்பிள்ளை ஹரி காப்பித் தம்ளரோடு கொல்லைப்பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம்தான் அத்தை ரொப்பினேன். இப்பப் பாருங்க, அந்த நீல டைல்ஸ் வரிசை முழுசா வெளில தெரியுது."

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரிந்தது.

குளம் என்றால் நம் ஊர்க் குளம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நீந்துவதற்காகக் கட்டியது. உப்புத் தண்ணீர். ஆனால் கடல் அளவுக்கு உப்பு கிடையாது, கண்ணீரில் இருப்பதில் பாதிகூட இராது என்கிறார் ஹரி. அந்த உப்பிலிருந்து ஒரு மிஷின் தானே குளோரின் செய்து தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. சுற்றிலும் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. இந்த நாட்டில் அது சட்டம். நல்ல சட்டம்.

மகள் சுபத்ராவின் பிரசவத்துக்காக நானும் இவரும் வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கதவை நான் இன்னும் திறக்கவில்லை. வெயில் அப்படி.

மோர்மிளகாய் காயப் போட்டேன். தூத்துக்குடியில் ஒரு வாரம் எடுக்கும். இங்கே இரண்டாம் நாளே கலகலவென்று ஆகிவிட்டது. இந்தக் காற்றில் ஈரம் என்பதே இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

சுபத்ராவைக் கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போய் வந்தேன். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. கூட்டிப்போவது நான் என்று பேர். கார் ஓட்டுவது அவள்தான். வகுப்பு முடியும்வரை நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

திரும்பி வந்தபோது சமையல் மேடையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டு எலேனி வேலிக்கு மேலே கொடுத்ததாக இவர் சொன்னார். எலேனி கிரேக்க நாட்டுக்காரி. எழுபதைத் தாண்டியவள். தினமும் காரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய் நீந்தி வருகிறாள்.

ஊறுகாய் போட வேண்டும். நல்லெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, புதன்

பக்கெட் சோதனை என்று ஒன்று உண்டாம். குளத்துச் சாமான் விற்கும் கடையில் ஹரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே ரொப்பி, மிதக்காமலிருக்க உள்ளே கல் போட்டு, குளத்தின் முதல் படியில் வைக்க வேண்டும். பக்கெட்டுக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. பக்கெட்டுக்கு வெளியே குளத்துத் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. வெயிலும் காற்றும் இரண்டையும் ஒன்றுபோலத்தான் குடிக்கும். குளம் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் அடியில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தண்ணீரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்டு, அதுவே பதில் சொல்லும் என்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

"மாமா, சாயங்காலம் சாயங்காலம் நீங்க பாத்துச் சொல்றீங்களா?" என்று ஹரி இவரைக் கேட்டார்.

"என் கண்ணுக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது மாப்ள."

துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கப்பலின் அடிவயிற்றில் கிடக்கும் கொக்கியைப் பார்த்து வேலை செய்தவர். கண்ணாடி போட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான்.

"நான் பாக்குதேன்" என்றேன்.

இவர் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சுபத்ராவும் பார்த்தாள். ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்? உப்புக் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் நான். வெயில் தண்ணீரை எப்படிக் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாதா.

கதவைத் திறந்தேன். முதல் படியில் பக்கெட்டை வைத்தேன். குனிந்து கோடு போட்டேன். அவ்வளவுதான்.

ஜனவரி 11, வியாழன்

இரண்டு கோட்டுக்கும் கீழே அரை விரல் குறைந்திருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு. கசிவு இல்லை. நாளைக்குப் பார்க்கப் புதுக் கோடு போட்டு வைத்தேன்.

ஒரே நாளில் அரை விரல். இவ்வளவு பெரிய குளத்தில் அரை விரல் என்றால் எத்தனை குடம்! ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு ஆவியும் கண்ணில் படாமல் போயிருக்கிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். போவது தெரியவே இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

இன்று வேறு மாதிரி. பக்கெட்டில் அரை விரல்தான். குளத்தில் அதைவிட ஒரு நூல் அதிகம். நூல் என்பது ஆசாரிமார் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நூல்தான், ஆனால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அப்படியானால் கசிவா?

மறுபடியும் எலுமிச்சம்பழம். இவ்வளவையும் என்ன செய்வது.

ஜனவரி 13, சனி

இரண்டும் சமம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மின்சார அடுப்பில்தான் பொங்கியது. பொங்குவது என்னவோ பொங்கத்தான் செய்தது. கரும்புக்கு ஹரி எங்கெங்கோ அலைந்து ஒரு முழத் துண்டு வாங்கி வந்தார். இவர் பல்லால் கடித்து இழுத்துத் தின்றார்.

வடக்கிலிருந்து அனல் காற்று. பாலைவனத்திலிருந்து வருகிறதாம். இன்று பக்கெட்டிலும் குளத்திலும் ஏறக்குறைய ஒரு விரல் போய்விட்டது. வெயிலைவிடக் காற்றுதான் பெரிய திருடன் என்று நினைக்கிறேன். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் ஈரம் சேரும்போதே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. காய்ந்த காற்று வந்து அந்த இடத்தில் மறுபடி வாயைத் திறக்கிறது.

ஒரு சந்தேகம். உப்புத் தண்ணீர் வேகமாக வற்றுமா, நல்ல தண்ணீர் வேகமாக வற்றுமா? இரண்டு தட்டு எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு தண்ணீரில் நாலு கரண்டி உப்பு. வேலியோரம் வெயிலில் வைத்தேன்.

"பரீட்சையா?" என்றார் இவர்.

"பரீட்சைதான்."

"பாஸாயிட்டாச் சொல்லு."

ஜனவரி 16, செவ்வாய்

வகுப்புக்குப் போய் வந்து பார்த்தால் குளத்தில் மறுபடி ஒரு நூல் அதிகம்.

இன்னொன்றும் கவனித்தேன். பக்கெட்டின் கைப்பிடியை நான் வீட்டுப்பக்கமாகத்தான் வைப்பேன். இன்று அது சுவர்ப்பக்கமாக இருந்தது. உள்ளே அவ்வளவு கல் கிடக்கும்போது காற்று திருப்பியிருக்குமா? பறவைகள் வருகின்றன. இளஞ்சிவப்பு வயிறுள்ள கிளிகள் கூட்டமாக வந்து தண்ணீர் குடிக்கின்றன. ஆனால் ஒரு நூல் குடிக்க எத்தனை கிளி வேண்டும்?

குழாய்த் தண்ணீர்த் தட்டு முதலில் காய்ந்தது. உப்புத் தட்டில் அப்போதும் ஈரம் இருந்தது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரில் உப்பு முற்ற முற்ற வற்றுவது மெதுவாகும் என்று சொல்வார்கள். உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, லேசில் விடுவதில்லை. ஆனால் இந்தக் குளத்தில் இருக்கும் உப்பு எந்த மூலைக்கு? நல்ல தண்ணீர் போல்தான் இதுவும் வற்றும்.

ஜனவரி 18, வியாழன்

ஹரியிடம் கேட்டேன். "மாப்ள, வெயில் தண்ணியத்தான் கொண்டுபோகும், உப்பக் கொண்டுபோகாது. கசிஞ்சா உப்பும் சேந்துல்லா போவும். உப்பு குறைஞ்சிருக்கான்னு பாத்தா தெரிஞ்சிராதா?"

ஹரி சிரித்தார். "பார்த்தேன் அத்தை. உப்பு பார்க்கிற பட்டைன்னு ஒண்ணு இருக்கு, அதோட நிறம் நடுவுல நிக்குது. குறைஞ்ச மாதிரியும் இருக்கு, குறையாத மாதிரியும் இருக்கு."

சுபத்ராவின் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன்.

ஜனவரி 20, சனி

சுபத்ராவின் மருத்துவச்சி அவளைத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறாள். கால் வீக்கம் குறையும், இடுப்புக்கு நல்லது என்று. சொந்தக் குளம் இருக்கும்போது என்ன என்கிறாள் சுபத்ரா.

சளி பிடிக்கும் என்றேன்.

"முப்பத்தெட்டு டிகிரி வெயில்லயா?"

வழுக்கும் என்றேன். உனக்கு நீந்தத் தெரியாது என்றேன்.

"ஏன் தெரியாது? யாரு கத்துக்க விட்டா? ஸ்கூல்ல கடலுக்குக் கூட்டிட்டுப் போனப்பக்கூட என்னை மட்டும் வீட்ல வச்சுக்கிட்டீங்க. அண்ணனுக்கு அப்படி ஆயிட்டுதுன்னா நான் பொறந்ததுலேர்ந்து ஈரமே படாம இருக்கணுமா அம்மா?"

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன்.

மூத்தவன் மதியழகன் போய் மறு வருஷம் பிறந்தவள் சுபத்ரா. அவனைப் பார்த்ததில்லை. தாமிரபரணி. அவனுக்குப் பத்து வயது. இதற்குமேல் எழுத என்ன இருக்கிறது.

சாயங்காலம் ஹரி சொன்னார். கசிவு கண்டுபிடிக்கிற ஆள் ஒருவரை பிப்ரவரி இரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறாராம். கசிவு என்று ஆனால் குளத்தை முழுக்கக் காலி செய்து தரையை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பல மாதம் ஆகுமாம்.

"அவ்வளவு நாளும் தண்ணியே இருக்காதா?" என்று கேட்டேன்.

"இருக்காது அத்தை."

இன்று சாயங்காலம் கோட்டை இரண்டு முறை பார்த்தேன். சமம்தான். இன்றாவது கசிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஜனவரி 23, செவ்வாய்

மறுபடியும். ஒரு நூலுக்குக் கொஞ்சம் கூட.

இவருக்கு இப்போதெல்லாம் பசி அதிகம். இன்று மூன்றாம் முறை சோறு கேட்டார். கண் வேறு சிவந்திருக்கிறது. கேட்டால் தூசி என்கிறார். எழுபது வயதில் பசி கூடுமா? சுபத்ராவிடம் சொல்லிச் சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஊறுகாய் இரண்டு ஜாடி ஆகிவிட்டது. ஒன்றை எலேனிக்குக் கொடுத்தேன். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். "உன் புருஷன் தைரியசாலி" என்பதுபோல் கேட்டது. அவள் இங்கிலீஷ் எனக்கு விளங்குவதில்லை. ஊறுகாய் காரம் என்று சொல்லியிருப்பாள்.

ஜனவரி 26, வெள்ளி

இந்த நாட்டு விடுமுறை தினம். வகுப்பு இல்லை. எல்லோரும் வீட்டில். ஹரி வெளியே அடுப்பு மூட்டி மீன் சுட்டார். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தது நான்.

குளமும் பக்கெட்டும் சமம்.

ஜனவரி 27, சனி

தரையில் ஓட்டை இருந்தால் அது தினமும் கசியும். அதற்குச் செவ்வாய் வெள்ளி தெரியாது. விடுமுறை நாளும் தெரியாது.

ஜனவரி 30, செவ்வாய்

வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையாம். வாசலிலேயே திரும்பி வந்துவிட்டோம். சுபத்ரா போன் பேசிக்கொண்டு காரிலேயே இருந்தாள். நான் முன்னால் வந்து கதவைத் திறந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

ஜன்னலுக்கு வெளியே, குளத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தலை. தண்ணீருக்கு மேலே வந்தது. உள்ளே போனது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வேலிக் கதவின் பிடி மேலே இழுக்க வேண்டியது. இருபது நாளாகத் திறக்கிற கதவு, இன்று கைக்கு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் "குணசீலன்" என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

உள்ளே போய்ப் பார்த்தால் எலேனி குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இலை அள்ளும் வலையின் நீளக் கம்பு அவள் மடியில். என்னைப் பார்த்து, பொறு என்று ஒரு கையைக் காட்டினாள். இவர் முழுகிக்கொண்டிருக்கவில்லை. நீந்திக்கொண்டிருந்தார். அழகாக இல்லை. கையும் காலும் தண்ணீரை அடித்த அடியில் கரைக்கல்லெல்லாம் நனைந்து கிடந்தது, படியில் பக்கெட்டைக் காணோம், ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். ஆனால் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சுவரைத் தொட்டு, பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஏறி வாங்க" என்றேன்.

எலேனி என் தோளைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள்.

துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் உடம்பிலிருந்து ஓடிய தண்ணீர் சுடுகிற கல்லில் பட்டுப் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

"எத்தன நாளா?"

"வந்த வாரத்துலேயிருந்து. அந்தம்மா நீச்ச தெரியுமான்னு கேட்டா. தெரியாதுன்னேன். கப்பல் வேல பாத்துட்டு நீச்ச தெரியாதான்னு சிரிச்சா. வா, சொல்லித்தாரேன்னுட்டா."

"அவ பேசுத இங்கிலீஷு உங்களுக்கு வெளங்குதா?"

"எனக்கும் வராது, அவளுக்கும் வராது. அதான் வெளங்குது."

"நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்ச மனுசன். எதுக்கு இந்த வயசுல?"

ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சுபா மாசமா இருக்கா. நாளைக்குப் பிள்ளை நடக்கும். வேலி இருக்கு, கதவு இருக்கு. எல்லாம் சரி. ஒரு ஆளும் இருக்கணும்லா."

நாங்கள் இங்கே இருக்கப்போவது ஆறு மாதம். அவருக்கும் தெரியும்.

பிறகு கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை.

"அன்னைக்குக் குறுக்குத்துறையில... ஆத்துக்குள்ள எவ்வளவு தூரம் போனீய?"

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். தூத்துக்குடியில் வீட்டில் படுத்திருந்தேன். திருநெல்வேலியில் அந்தப் படித்துறைப் பக்கம் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு இவர் பிள்ளையைக் கூட்டிப் போயிருந்தார். எல்லாம் முடிந்தபிறகு அந்தத் தங்கைதான் என்னிடம் சொன்னாள். அண்ணன் கரையிலேயே நின்னுட்டான் மதினி, என்று. நான் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், துணி துவைத்திருக்கிறேன், சுபத்ராவைப் பெற்றிருக்கிறேன்.

நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அப்புறம் கையைக் கழுத்துக்கு ஏற்றினார்.

"இதுவரைக்கும். அவன் கை தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு எட்டுதான். அடுத்த எட்டு வச்சேன், கீழ மண்ணு இல்ல. வாயில தண்ணி போச்சு." நிறுத்தினார். "திரும்பிட்டேன்."

கிளிகள் வந்து குளத்து ஓரத்தில் உட்கார்ந்தன. எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்தன.

"அதுக்குள்ள மீன் பிடிக்கவங்க குதிச்சாங்க. நான் கரையில வந்து நின்னேன். அவ பாத்தது அதைத்தான்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"கேட்டிருந்தா?"

"இதத்தான் சொல்லியிருப்பேன். திரும்பிட்டேன்னு."

நான் அவர் கையிலிருந்த துண்டை வாங்கி முதுகைத் துடைத்துவிட்டேன். முதுகு கன்றிப்போயிருந்தது, வெயிலில். இத்தனை நாள் அதைக்கூட நான் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது சுபத்ரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. எப்போது வந்தாளோ.

ஜனவரி 31, புதன்

காலையில் ஹரியிடம் சொன்னேன். "அந்த ஆள வரவேண்டாம்னு சொல்லிருங்க மாப்ள. குளத்துல ஓட்டை இல்ல."

"அப்போ அந்த ஒரு நூல்?"

"உங்க மாமா."

ஹரி புரியாமல் இவரைப் பார்த்தார். இவர் தோசையைப் பார்த்தார். சுபத்ராவுக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்துவிட்டது. புரிந்தபிறகு ஹரி எழுந்துபோய் இவருக்கு இன்னொரு தோசை எடுத்து வந்து வைத்தார். நல்ல பிள்ளை.

ஆளை வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

வகுப்பு. திரும்பும் வழியில் சுபத்ரா ஒரு கடையில் நீச்சல் உடை வாங்கினாள். கர்ப்பிணிகளுக்கென்றே விற்கிறார்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளி. எந்த அளவு சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டாள். கொஞ்சம் தொளதொளவென்று எடு என்றேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சுபத்ரா தண்ணீருக்குள் இறங்கினாள்.

ஒரு பக்கம் அவள் அப்பா, மறுபக்கம் எலேனி. ஹரி படியிலேயே நின்றார். அவருக்கும் நீந்தத் தெரியும், ஆனால் இன்று யாரும் அவரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குறுக்கே நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். நான் வேலிக்கு உள்ளேதான் இருந்தேன். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தேன். இவர் அவள் கையை ஒருமுறைகூட விடவில்லை.

ஒரு கட்டத்தில் சுபத்ரா நின்று, "அம்மா, உள்ள அசையுது. பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு போல" என்றாள்.

"பாத்து நட" என்றேன்.

வெளியே வந்து குளித்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று தலை துவட்டிவிட்டேன். சின்ன வயதில் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு துவட்டியது. அப்புறம் இன்றுதான். நல்ல அடர்த்தியான முடி. துண்டு நனைந்துவிட்டது, இன்னொன்று எடுத்தேன்.

என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணன் எப்படிம்மா இருப்பான்? போட்டோவுல இருக்கிறது இல்ல. நெசமா எப்படி இருப்பான்?"

வெளியே இவரும் ஹரியும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் பொய் சொல்லுவான்" என்று ஆரம்பித்தேன்.